பெர்மிட் தேடி சீஷெல்ஸுக்கு

"அவ்வளவு தூரம் போய்ப் பிடிச்சிட்டு, திரும்பக் கடல்லயே விட்டுடுவியா? ஏம்ப்பா, அது திங்கிற மீன் இல்லையா?" என்று, பெர்மிட் என்ற மீனைத் தேடி இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சீஷெல்ஸுக்குப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். அது திங்கிற மீன், ருசியான மீனும்கூட. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 2011இல் இதைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்துவிட்டார்கள். இன்றைக்குக் கரையோரக் குளங்களிலும் கடல் கூண்டுகளிலும் வளர்ந்து பாம்பனோ என்ற பெயரில் சந்தைக்கு வருகிறது. வாவல் விலை கட்டுப்படியாகாத நாட்களில் நாங்களே வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறோம்.

அதே மீனைத்தான் ஃபிளை ராட் என்ற தூண்டிற்கோல் பிடிப்பவர்கள் இந்தோ-பசிபிக் பெர்மிட் என்கிறார்கள். குளத்தில் தீவனம் தூவினால் முண்டியடித்துக்கொண்டு வரும். பவளத்திட்டின்மேல் முழங்கால் ஆழத் தண்ணீரில் தானாக மேயும்போது அதன் குணமே வேறு. நிழல் ஆடினால் ஓடும். தூண்டில் நூல் தண்ணீரில் விழும் சத்தத்துக்கு ஓடும். எதுவுமே நடக்காதபோதும் சில சமயம் ஓடும். இதன் அட்லாண்டிக் உறவுக்கார மீனை ஃபிளையில் 500க்கு மேல் பிடித்த டெல் பிரவுன் என்ற அமெரிக்கரின் பெயரை இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். வாழ்நாளில் ஒன்று கிடைத்தாலே போதும் என்று நினைப்பவர்கள்தான் இந்த விளையாட்டில் அதிகம்.

ஃபிளை ஃபிஷிங் பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் உயிர் இரை கிடையாது. முள்ளில் இறகு, முடி, நூல் எல்லாம் கட்டி நண்டு போலவோ இறால் போலவோ செய்துகொள்வதுதான் ஃபிளை. அதற்குப் பெரிய எடை இருக்காது என்பதால் தனியாக வீசினால் போகாது. தடித்த லைனுக்குத்தான் எடை. அதைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசி, அது நீளும் வேகத்தில் ஃபிளையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். நான் இதை மூணாறில் டிரவுட் மீனிடம் பழகினேன். அங்கே நேரம் தாராளம். மீன் ஒரே இடத்தில் நிற்கும், நாம் மூச்சு வாங்கிக்கொண்டு வீசலாம்.

கடல் திட்டில் அப்படி இல்லை. சீஷெல்ஸ் போய் வந்தேன் என்றதும் எல்லாரும் செலவையும் விமானத்தையும் எந்த ராட் என்பதையும்தான் விசாரிக்கிறார்கள். நான் முதலில் சொல்வது வேறு. அத்தனை தூரமும் அத்தனை பணமும் கடைசியில் பத்து வினாடிக்குள் வந்து நிற்கின்றன. மீன் கண்ணில் பட்டதிலிருந்து அது போய்விடும்வரை கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பத்து வினாடிக்கான வேலையைச் சென்னையிலேயே முடித்துவிட்டு விமானம் ஏற வேண்டும்.

என் பயிற்சி மைதானம் பெசன்ட் நகர் கடற்கரை. பிற்பகலில் கடற்காற்று எழும்பும் நேரமாகப் பார்த்துப் போவேன். கூட்டம் இல்லாத ஓரமாக நின்றுகொண்டு, முள்ளின் கூர்முனையை வெட்டிய ஃபிளையோடு வீசுவேன். மணலில் ஒரு எவர்சில்வர் தட்டுதான் குறி. "அங்கிள், பட்டமா?" என்று பையன்கள் வந்து கேட்பார்கள். யூடியூபில் 30 மீட்டர் வீசிக் காட்டுபவர்களைப் பார்த்து மயங்க வேண்டாம், கடல் திட்டில் பெரும்பாலும் தேவைப்படுவது 12 முதல் 18 மீட்டர்தான். ஆனால் ஃபிளையைக் கையில் பிடித்தபடி, லைன் காலடியில் கிடக்க, ஒரே ஒரு முன்வீச்சோடு அதை அனுப்பத் தெரிய வேண்டும். எதிர்காற்றில் தெரிய வேண்டும். அதைவிட முக்கியம், காற்று வலது தோளிலிருந்து அடித்து லைனை நம் உடம்பின்மேலேயே தள்ளும்போது தெரிய வேண்டும். அப்போது மீனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பின்வீச்சிலேயே ஃபிளையை இறக்குவதுதான் பாதுகாப்பு. இல்லையென்றால் முள் காதிலோ கழுத்திலோ ஏறும். இந்தப் பின்வீச்சு ஒன்றைப் பழகியதுதான் மொத்தப் பயணத்திலும் எனக்கு அதிகம் கைகொடுத்தது.

இனி இடம். சீஷெல்ஸில் 115 தீவுகள். சுற்றுலாப் படங்களில் வரும் உருண்டைக் கருங்கல் பாறைகளும் கடற்கரைகளும் முக்கியத் தீவுகளான மாஹே, பிராலின், லாடீக் பக்கம். ஃபிளைக்காரர்கள் போவது அங்கல்ல, தெற்கிலும் தென்மேற்கிலும் சிதறிக் கிடக்கும் வெளித்தீவுகளுக்கு. அல்ஃபான்ஸ், ஃபர்க்வார், காஸ்மோலெடோ, அஸ்டோவ் என்று போகும் அந்தப் பட்டியல். சோமாலியக் கடற்கொள்ளையர் தொல்லை உச்சத்தில் இருந்த 2009 வாக்கில் காஸ்மோலெடோ பக்கம் படகுப் பயணங்களே சில ஆண்டுகள் நின்றுபோயிருந்தன. நான் போனது அல்ஃபான்ஸ். மாஹேயிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீட்டர் தென்மேற்கே, சிறிய விமானத்தில் ஒரு மணி நேரம். தங்குவது அல்ஃபான்ஸில், மீன் பிடிப்பது பக்கத்தில் உள்ள சான் ஃபிரான்சுவா என்ற ஆளில்லாப் பவளத்திட்டில். தினமும் காலையில் படகில் கால்வாயைக் கடந்து போக வேண்டும். விளிம்பில் அலை உடையும் பவள வளையம், அதில் எப்போதோ தட்டிய கப்பல்களின் துருப்பிடித்த மிச்சம், உள்ளே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெளிர்பச்சைத் தண்ணீர்.

எந்த மாதம் போவது? மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று விடாமல் அடிக்கும். நிலநடுக்கோட்டைத் தாண்டி வளைந்து நமக்குத் தென்மேற்குப் பருவமழையைக் கொண்டுவருவது அதே காற்றுதான். கேரளத்தில் மழை பிடிக்கும் நேரத்தில் அங்கே ஃபிளைக்காரர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். அக்டோபரிலிருந்து மே வரைதான் சீசன். நான் ஏப்ரலில் போனேன். காற்று திசை மாறும் இடைவெளி என்பதால் சில காலைகளில் கடல் அசையாமல் கிடந்தது. பார்க்க அழகுதான். பெர்மிட்டுக்கு அது ஆகாது, லேசான சிற்றலை இருந்தால்தான் நம் தப்புகளை அது மறைக்கும்.

மாதத்தைவிட வாரம் முக்கியம். தினசரிக் காலண்டரை எடுத்து அமாவாசை, பௌர்ணமி, அட்டமி பாருங்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி ஏற்றமும் வற்றமும் பெரிது. தண்ணீர் வேகமாக ஏறும், வேகமாக வடியும், ஆழத்தில் இருக்கும் பெரிய மீன்கள் ஏற்றத்தோடு திட்டுக்கு ஏறும். அட்டமிப் பக்கம் தண்ணீர் சோம்பலாக நகரும், நடந்து தேடுவதற்கான ஆழம் நெடுநேரம் நிற்கும். நான் அட்டமியில் தொடங்கிப் பௌர்ணமியை நோக்கிப் போகும் வாரமாகக் கேட்டு வாங்கினேன். முன்பாதி பெர்மிட்டுக்கு, பின்பாதி பெரிய பாறை மீன்களுக்கு என்பது கணக்கு. பதிவு செய்யும் ஆட்கள் இதைத் தானாகச் சொல்லமாட்டார்கள், அவர்களுக்கு எந்த வாரம் காலியோ அதுதான் நல்ல வாரம்.

போனதும் நேரே பெர்மிட் தேட வேண்டாம் என்று என் கைடு சொன்னார். பிராலினைச் சேர்ந்த இளைஞர், அதிகம் பேசாதவர். முதலில் போன்ஃபிஷ். சான் ஃபிரான்சுவாவில் அது ஏராளம். அதைப் பிடிப்பது பெரிய விஷயமில்லை, பார்ப்பதுதான் விஷயம். அதன் செதில் கண்ணாடி, அடியில் மணல் என்றால் மணல் நிறம், புல் என்றால் புல் நிறம். மீனைத் தேடினால் தெரியாது, மணலில் ஓடும் நிழலைத் தேட வேண்டும். அதுவும் இல்லையென்றால், சுற்றியுள்ள சிற்றலைக்கு மாறாக ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் கலங்கி நடுங்கும், அதைப் பார்க்க வேண்டும். போலராய்டு கண்ணாடி இல்லாமல் இங்கே எதுவும் நடக்காது. செம்பு நிறக் கண்ணாடி திட்டுக்கு நல்லது. தொப்பியின் விளிம்புக்கு அடிப்பக்கம் கறுப்பாக இருந்தால் தண்ணீரிலிருந்து எழும் கூச்சம் குறையும். இந்தச் சின்ன விஷயத்தை யாரும் சொல்வதில்லை.

இன்னொரு பழக்கமும் வேண்டும். கைடு திசையைக் கடிகார மணியில் சொல்வார். படகின் மூக்கு பன்னிரண்டு. "பத்து மணி, பதினஞ்சு மீட்டர், இடமிருந்து வலம்" என்றால் யோசிக்காமல் ராட் அந்தப் பக்கம் திரும்பிவிட வேண்டும். முதல் நாள் காலையிலேயே ராடை நீட்டி "இது பத்து மீட்டர், இது பதினஞ்சு" என்று இரண்டு பேரும் ஒத்துப் பார்த்துக்கொண்டோம். அவருடைய பதினைந்தும் என்னுடைய பதினைந்தும் ஒன்றாக இல்லை!

என் முதல் பெர்மிட்டையும் அவர்தான் பார்த்தார். புல்லும் மணலும் கலந்த திட்டு, தண்ணீர் தொடைக்குக் கீழே, ஏற்றம் தொடங்கியிருந்தது. கறுத்த அரிவாள் நுனி போல இரண்டு முனைகள் நீருக்கு வெளியே தெரிந்து மறைந்தன, முதுகுத் துடுப்பும் வாலும். தலையை அடியில் குத்தி நண்டு தேடிக்கொண்டிருந்தது. காற்று நல்லவேளையாக இடதுபக்கம். ஃபிளை இரண்டு மீட்டர் முன்னால் விழுந்தது, நண்டு போலவே பக்கவாட்டில் சாய்ந்து இறங்கியது. மீன் திரும்பியது. நேரே வந்தது. தங்க மஞ்சள் வயிறு தெரியும் அளவுக்குச் சாய்ந்து ஃபிளைக்குமேல் நின்று பார்த்தது. "இழுக்காதீங்க" என்றார் கைடு. நான் இழுக்கவில்லை. அப்புறம் அது அவசரமே இல்லாமல் திரும்பிப் போய்விட்டது.

என்ன குறை என்று கேட்டேன். "ஒண்ணும் குறையில்ல. அதுக்குப் பிடிக்கல" என்றார்.

இப்படிப்பட்ட நிராகரிப்புகள்தான் அந்த வாரத்தின் முதல் பாதி. ஆனால் ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவர் ஏதாவது மாற்றினார், அதுதான் எனக்குப் பாடம். ஃபிளையின் நிறத்தை அடித்தளத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்தார். ஆழம் குறைந்த இடத்தில் கண்ணில் ஈய எடை குறைவான நண்டு ஃபிளையைக் கட்டினார், விழும் சத்தம் குறையும். நுனி நூலை நீட்டினார். அவர் சொன்ன காரணமும் பிடித்திருந்தது. பெரிய மீனைக் கண்ட நண்டு நீந்தி ஓடாது, மணலுக்குள் புதையப் பார்க்கும். எனவே மீன் பார்த்துவிட்டது என்று தெரிந்தபின் ஃபிளையைச் சும்மா கிடக்க விடு, அல்லது நூலின் தொய்வை மட்டும் எடு. கையில் கடி எதுவும் தெரியாது. வால் மேலே எழும்பி நடுங்கினால் வாயில் எடுத்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ராடைத் தூக்காமல் இடதுகையால் லைனை நீளமாக, அமைதியாக இழுக்க வேண்டும்.

கிடைத்த மீன் இந்த நுணுக்கம் எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒரு பெரிய திருக்கை மணலைக் கிளறிக்கொண்டு திட்டின் ஓரமாகப் போனது, அதன் முதுகின்மேல் இரண்டு பெர்மிட். திருக்கை கிளப்பிவிடும் நண்டை யார் முதலில் எடுப்பது என்ற போட்டி அவற்றுக்குள். "திருக்கையின் முதுகிலேயே போடுங்க" என்றார் கைடு. பின்வீச்சில் போட்டேன். விழுந்ததும் எடுத்துவிட்டது. ரீல் அலறியது, பவளக் கொத்துகளை நோக்கி ஓடியது, லைன் சிக்காமல் இருக்க ராடைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினோம். மூன்று கிலோ இருந்திருக்கலாம், பெரிய மீன் இல்லை. என் கை நடுங்கியதைப் பார்த்துக் கைடு முகத்தில் முதல்முறையாக ஒரு சிரிப்பு. புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: தனியாக மேயும் மீனை விரும்புங்கள், ஆனால் கண்ணால் திருக்கையைத் தேடுங்கள்.

வாரத்தின் பின்பாதியில் ஜிடி, அதாவது ஜயன்ட் டிரெவலி. நம்மூர் பாறை மீன் வகைகளில் மிகப் பெரியது. ஃபர்க்வாரில் இது பறக்கப் பழகும் கடற்பறவைகளைத் தண்ணீரிலிருந்து பாய்ந்து விழுங்குவதைப் படம்பிடித்திருக்கிறார்கள். இங்கே மென்மை எல்லாம் வேண்டாம். 12 எண் ராட் (எண் கூடக் கூட ராட் கனமான லைனுக்கும் பெரிய மீனுக்கும்), 130 பவுண்டு தாங்கும் நுனி நூல், உள்ளங்கை நீள ஃபிளை. மீன் துரத்தத் தொடங்கிவிட்டால் வேகமாக இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பயந்து ஓடும் இரை நடுவில் நிற்காது அல்லவா? கூட வந்த நண்பர் டிரவுட் பழக்கத்தில் ராடைத் தூக்கினார். அவ்வளவுதான், முள் வாயிலிருந்து நழுவியது. ஒருமுறை அல்ல. டிரவுட்காரர்கள் எல்லாருக்கும் இந்த நோய் உண்டு. வீட்டிலேயே ஒருவரை நூலின் மறுமுனையைப் பிடித்து இழுக்கச் சொல்லி, ராட் நுனியைத் தாழ்த்தி வைத்தபடியே கையால் இழுத்துப் பழகுவதுதான் மருந்து. பால்கெண்டையையும் ஒருநாள் முயன்றோம். பாசி தின்னும் மீன், பச்சை ஃபிளை, மாட்டினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும் என்கிறார்கள். எங்களுக்கு மாட்டவில்லை.

விடுவதற்காகத்தான் பிடிக்கிறோம் என்றால் ஒழுங்காக விட வேண்டும். அங்கே தாடி (முள் கழலாமல் பிடிக்கும் எதிர்க்கொக்கி) இல்லாத முள்தான், அதுவே விதி. பஹாமாஸில் போன்ஃபிஷை வைத்துச் செய்த ஆய்வுகளில், நீருக்கு வெளியே அதிக நேரம் வைத்திருந்த மீன்கள் விட்டதும் தடுமாறி, அருகிலிருந்த சுறாக்களுக்கு இரையாவது அதிகம் என்று தெரிந்தது. சான் ஃபிரான்சுவாவில் எலுமிச்சைச் சுறாக்கள் நம் பின்னாலேயே சுற்றும், அவற்றுக்கு நம்மைத் தெரியும். மீனைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளை எடுங்கள், படம் வேண்டுமென்றால் கேமரா தயாரான பிறகு ஒரு மூச்சு நேரம் தூக்குங்கள். சுறா பக்கத்தில் இருந்தால் படமே வேண்டாம். மணலில் போட்டு எடுத்த படங்களைப் பெருமையாகப் போடுபவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. 2020 மார்ச்சில் சீஷெல்ஸ் தன் கடற்பரப்பில் 30 சதவீதத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த நாடு. விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு அந்த அக்கறையில் கொஞ்சமாவது வேண்டாமா?

சாமான்கள் பற்றி நிறைய சொல்லப் போவதில்லை. போன்ஃபிஷுக்கு 8 அல்லது 9 எண் ராட், பெர்மிட்டுக்கு 10, ஜிடிக்கு 12. வெப்ப மண்டலத்துக்கென்று செய்த லைன் கட்டாயம், மலையில் பயன்படுத்தும் லைன் அந்த வெயிலில் நூடுல்ஸ் ஆகிவிடும். நான்கு துண்டாகப் பிரியும் ராடுகளும் ரீல்களும் முடிந்தவரை கைப்பையில், முள்ளும் ஃபிளையும் எப்போதும் பெரிய பெட்டியில். தீவு விமானத்தில் எடைக் கட்டுப்பாடு கறார், துணியைக் குறையுங்கள். இரண்டு முழுக்கைச் சட்டை போதும், இரவில் அலசிப் போட்டால் காலையில் காய்ந்துவிடும்.

காலுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸ், தடித்த சாக்ஸ். பவளக் கீறல் சின்னதாக இருந்தாலும் அன்றைக்கே நன்றாகக் கழுவி மருந்து போடாவிட்டால் மூன்றாம் நாள் சீழ் பிடித்து நடக்க முடியாது. மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், புதைந்து கிடக்கும் திருக்கை விலகிவிடும். அதன் முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வையுங்கள், அந்த விஷம் சூட்டில் சிதையும். பெரிய ஆஸ்பத்திரி மாஹேயில்தான். எனவே விமானத்தில் தூக்கிச் செல்லும் செலவையும் ஏற்கும் காப்பீடு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் புறப்படும் முன் இணையத்தில் பயண அனுமதி வாங்கிவிட வேண்டும். மும்பையிலிருந்து நேரடி விமானம் உண்டு. தீவு விமானத்துக்கு ஒரு நாள் முன்னதாகவே மாஹே போய்ச் சேருங்கள், பெட்டி வராமல் போனால் தேட அவகாசம் கிடைக்கும். என் பெட்டி ஒழுங்காக வந்ததால் அந்த நாள் தலைநகர் விக்டோரியாவைச் சுற்றிப் பார்க்கக் கிடைத்தது. 1992இல் கட்டிய நவசக்தி விநாயகர் கோயிலில் நம்மூர் முகங்கள், நம்மூர் மணிச் சத்தம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் சந்தை. பாறை மீனைக் கரங் என்று கூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். அம்மா வந்திருந்தால் பேரம் பேசியிருப்பார்.

செலவு விஷயத்தில் மழுப்புவதற்கில்லை. விமானம் தனி, தீவில் ஒரு வாரத்துக்கு 10,000 டாலருக்கு மேல். நாங்கள் பல வருடம் சேர்த்து வைத்துப் போனோம், மறுபடி உடனே போவதாக இல்லை. அவ்வளவு முடியாது என்றால் மாலத்தீவைப் பாருங்கள். உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் இருக்கின்றன, செலவு பலமடங்கு குறைவு. பெர்மிட்டை எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஆனால் கிளாத்தியும் நீலப் பாறை மீனும் கிடைக்கும். கிளாத்தி ஃபிளையைக் கடித்து நசுக்கிவிட்டுப் போகும் கோபக்கார மீன், பெர்மிட்டுக்குக் கண்ணையும் கையையும் பழக்க அதைவிட நல்ல வாத்தியார் இல்லை. எங்கே போனாலும் முன்பணம் கட்டும் முன் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: ஒரு கைடுக்கு எத்தனை பேர், அந்த வாரத்தில் ஏற்ற வற்றம் எப்படி, புயலாலோ விமானத்தாலோ நாள் வீணானால் பணம் என்ன ஆகும். மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் வளைந்து நெளிந்து வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.